எத்தனை பாகம் ஒட்டினால் கப்பல் பெரிதாகத் தெரியும்?

கேள்வி, 3 மார்ச் 2024

அண்ணே, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். காலேஜ் மூன்றாம் வருஷம். சொந்த டிசைனில் ஒரு விண்கப்பல் செய்கிறேன், 45 செ.மீ. நீளம். இரண்டு பழைய டேங்க் மாடல் கிட், ஒரு செத்த பிரிண்டர், நாலு சார்ஜர், எல்லாவற்றையும் பிரித்து 300 பாகத்துக்கு மேல் ஒட்டிவிட்டேன். இன்னும் பொம்மை மாதிரிதான் இருக்கிறது. பாகம் கூடக்கூடக் கப்பல் பெரிதாகத் தெரியும் என்பது என் கணக்கு. இன்னும் ஒரு 200 ஒட்டினால் சரியாகிவிடும்தானே?

3 மார்ச் 2024, இரவு

ஒட்டாதே தம்பி, பசையைக் கீழே வை.

45 செ.மீ. என்றாய். அது உன் மேஜையில் இருக்கிற நீளம். கப்பல் நிஜத்தில் எவ்வளவு நீளம் என்று நீ சொல்லவே இல்லை. அதை முடிவு செய்யாமல் ஒட்டியதால்தான் 300 பாகமும் முந்நூறு விதமாகப் பேசுகிறது. முதலில் ஒரு எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டு. நான் இப்போது செய்கிற சரக்குக் கப்பலுக்கு ‘பெட்டகம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மாடல் 60 செ.மீ., கப்பல் 300 மீட்டர், ஆக 1/500. இந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆள் உயரம் 3.4 மில்லிமீட்டர், அரிசியில் பாதி. ஒரு தளத்தின் உயரம் மூன்று மீட்டர் என்று வைத்தால் 6 மி.மீ. கடுகு அளவு ஜன்னல் போட்டால் அது நிஜத்தில் ஒரு மீட்டர் ஜன்னல். அரிசியும் கடுகும் வைத்து அளப்பது விளையாட்டுக்காக இல்லை, நிஜமாகவே ஒரு மூடியில் இரண்டையும் போட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். ஸ்கேலை எடுத்துப் பார்ப்பதைவிட அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

5 மார்ச் 2024

நீ போட்ட படத்தைப் பார்த்தேன். பின்பக்கம் வரிசையாக இருக்கிற ஆறு வட்டமும் டேங்க் சக்கரம் என்று எனக்குத் தெரிகிறது, மாடல் செய்கிற யாருக்கும் தெரியும். 1/35 டேங்க் கிட்டின் சக்கரம் இரண்டு செ.மீ. சொச்சம் வரும். என் அளவில் அது பத்து மீட்டருக்கு மேல். பத்து மீட்டர் விட்டத்தில், நடுவில் போல்ட் தலைகளோடு, விண்வெளியில் அது எதற்கு? ‘எதற்கு’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பாகம் எல்லாம் பொம்மைப் பாகம்தான்.

கிட்பேஷிங், அதாவது வேறு கிட்டின் பாகங்களை எடுத்து ஒட்டுவது, தப்பு என்று சொல்லவில்லை. 1977இல் ஸ்டார் வார்ஸ் படத்துக்குக் கப்பல் செய்தவர்கள் டேங்க், விமானம், போர்க்கப்பல் என்று கண்ட கிட்டையும் உடைத்துத்தான் ஒட்டினார்கள், அப்படி ஒட்டுகிற பொடிப் பாகத்துக்குக் கிரீப்ளி என்ற பேரே அவர்களால்தான் பரவியது. ஆனால் அந்த முக்கோண வடிவ ஸ்டார் டிஸ்ட்ராயரை நன்றாகப் பார். முதல் காட்சியில் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறதே, அந்த மாடல் சுமார் மூன்று அடிதான். மேல்தகடு பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். பொடி வேலை எல்லாம் இரண்டு தகட்டுக்கு நடுவே ஓடுகிற பள்ளத்திலும் மேலே எழும்புகிற கட்டடத்திலும் நெருக்கியடித்திருக்கும். வெறும் இடம் இருப்பதால்தான் நெருக்கம் நெருக்கமாகத் தெரிகிறது. நீ எல்லா இடத்திலும் நெருக்கிவிட்டாய். பாதியைப் பிடுங்கு. பிடுங்கிய இடத்தில் தகடு தகடாகக் கோடு கீறு, 0.3 மி.மீ. ஊசியால் போதும்.

6 மார்ச் 2024

அதே ஸ்டார் வார்ஸில் வருகிற ஃபால்கன் கப்பல் முழுக்கப் பாகமாகத்தானே இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சரியான கேள்வி. அது சின்னக் கப்பல். கதைப்படி 35 மீட்டர் பக்கம், முதல் படத்துக்கான பெரிய மாடலோ ஐந்து அடி. இருபதில் ஒரு பங்குக்கு அருகில் வருகிறது. அந்த அளவில் டேங்க் கிட்டின் பாகம் இயந்திரப் பாகமாகவே பொருந்திவிடும். லாரியின் அடிப்பாகத்தைப் பார்த்தால் குழாயும் பெட்டியுமாகத்தானே இருக்கும், அதே மாதிரி. 300 மீட்டர் கப்பலை அதே கையால் செய்ய முடியாது.

24 மார்ச் 2024

இன்றைக்கு என் மகள் ஒரு கேள்வி கேட்டாள், காலையிலிருந்து அதே நினைப்பு.

பெட்டகத்தின் உடல் முடிந்து பிரைமர் அடித்துக் காயவைத்திருந்தேன். ஆறாவது படிக்கிறாள், தட்டில் பணியாரத்தோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள எப்படிப்பா போவாங்க?” என்றாள். பக்கவாட்டில் இருந்த சரக்குக் கதவைக் காட்டினேன். “அவ்வளவு பெரிய கதவையா ஒரு ஆளுக்காகத் திறப்பாங்க?” என்றாள்.

சரக்குக் கதவு 2 செ.மீ. உயரம். என் கணக்கில் பத்து மீட்டர். ஆனால் கப்பலில் இருக்கிற ஒரே கதவு அது. பார்க்கிறவர் கண்ணுக்கு 1/500 தெரியாது, கதவு என்றால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே என்றுதான் தெரியும். இரண்டு செ.மீ. என்பது இரண்டு மீட்டர் என்று கண் எடுத்துக்கொண்டால் 60 செ.மீ. கப்பல் 60 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு என்னவோ சின்னதாகத் தெரிகிறதே என்று மூன்று மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது இதுதான். நான் அதற்குப் பாகம் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், தம்பியைப் போலவே.

பெரிய வீட்டு வாயில்களில் திட்டிவாசல் வைப்பார்கள் தெரியுமா? பெரிய கதவைத் தினமும் திறக்க முடியாது என்று கதவுக்குள்ளேயே சின்னதாக ஒரு கதவு, குனிந்து போகிற மாதிரி. கோட்டைகளிலும் இருக்கும். அந்தத் திட்டிவாசல் இருப்பதால்தான் பெரிய கதவு எவ்வளவு பெரியது என்று நமக்கு உறைக்கிறது. சாயங்காலம் சரக்குக் கதவின் வலது மூலையில் 4 மி.மீ. உயரம், 2 மி.மீ. அகலத்தில் ஒரு கதவு வைத்தேன். கால் மி.மீ. தகட்டில் வெட்டி, பல்குத்தும் குச்சியில் ஒற்றி எடுத்து ஒட்டியது. மேலே ஒரு சின்ன மழைத்தடுப்பு மாதிரி விளிம்பு. விண்வெளியில் மழை ஏது என்று கேட்காதீர்கள், நிழல் விழ வேண்டும், அதற்குத்தான். ஒட்டிவிட்டு மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன். கப்பல் பெரிதாகிவிட்டது. ஒரே ஒரு பாகத்தில்.

31 மார்ச் 2024

போன குறிப்பிலிருந்து மனசு வீட்டுப் பக்கமே போகிறது. ஒரு பெயர்ப் பலகை (போர்டு) வேலையாகக் கானாடுகாத்தான் போயிருந்தேன். (எனக்குக் காரைக்குடியில் போர்டு செய்கிற கடை. அக்ரிலிக், எல்இடி, வினைல் எல்லாம் கையில் இருப்பது இந்தப் பழக்கத்துக்குப் பெரிய உதவி.) வேலை நடந்த வீட்டில் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் நிலை, அதற்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை, கடைசியில் பின்வாசல் வெளிச்சம் ஒரு தபால்தலை அளவுக்கு. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, ஒரே மாதிரித் தூண் வரிசையாக. முதல் தூண் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கனம், கடைசித் தூண் விரல் மாதிரி. ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்து சின்னதாகிக்கொண்டே போவதால் வீடு நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு தினுசாக இருந்திருந்தால் கண் ஒவ்வொன்றாக நின்று நின்று போயிருக்கும், நீளம் தெரிந்திருக்காது.

1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் டிஸ்கவரி கப்பலின் முதுகெலும்பு இதே வேலையைத்தான் செய்கிறது, ஒரே மாதிரிப் பெட்டி வரிசையாக. அந்தப் பெரிய மாடல் 54 அடி. நம்மிடம் 54 அடி இடமில்லை, வரிசை மட்டும் போதும். பெட்டகத்தின் நடுப்பகுதியில் விதவிதமாக ஒட்டியிருந்த 41 பாகத்தைப் பிடுங்கிவிட்டு, ஒரே அளவில் 24 சரக்குப் பெட்டி வைக்கப் போகிறேன். ஒரு பெட்டியைச் சரியாகச் செய்து, சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி மற்றதை வார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

28 ஏப்ரல் 2024

இன்று மனசே சரியில்லை. இன்ஜின்கள் இரண்டையும் தாங்குகிற கைகளை ஒரு கடையில் கொடுத்து 3டி பிரிண்ட் எடுத்திருந்தேன். மதுரையில் ஒரு நண்பரிடம் காட்டலாம் என்று கப்பலைக் காரின் பின்சீட்டில் வைத்து எடுத்துப் போனேன். வழியில் சாப்பிட இறங்கி முக்கால் மணி நேரம். கண்ணாடி ஏற்றின கார், சித்திரை வெயில். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு இன்ஜினும் களைத்த மாட்டின் காது மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

பிரிண்ட் எடுத்தது பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக்கில். அது 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். வெயிலில் நிற்கிற காருக்குள் அந்தச் சூடு தாராளமாக வரும். மாடல் கிட்டின் ஸ்டைரீன் பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் தாங்கும், அதனால் உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கைகள் மட்டும் போயின. நம் ஊரில் பாரம் தாங்குகிற எந்தப் பாகத்துக்கும் பிஎல்ஏ வேண்டாம். பிரிண்ட்தான் வேண்டும் என்றால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கேளுங்கள். காரில் கொண்டுபோகாவிட்டாலும் தகரக் கூரைக்குக் கீழேயும் மொட்டை மாடி அறையிலும் இதே கதைதான்.

1 மே 2024

கைகளைப் பித்தளைக் கம்பியில் செய்துவிட்டேன். 3 மி.மீ. பித்தளை, மேலே ஸ்டைரீன் தகடு போர்த்தி எம்-சீல் வைத்து இழைத்தது. கம்பி உடலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகிறது. ஒரே கம்பி இரண்டு கையும். இனி வெயிலுக்குக் கவலை இல்லை.

எம்-சீல் வைக்கும்போது விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வழித்தால் பாதி உப்புத்தாள் வேலை மிச்சம்.

16 ஜூன் 2024

மார்ச் 5 குறிப்பில் ‘கோடு கீறு, 0.3 மி.மீ. போதும்’ என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன், யாராவது அதன்படி செய்திருந்தால் மன்னியுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 1/500இல் 0.3 மி.மீ. கீறல் என்றால் நிஜத்தில் 15 செ.மீ. இடைவெளி, கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. எந்தக் கப்பலில் இரண்டு தகட்டுக்கு நடுவே அப்படி வாய் பிளந்திருக்கும்? அரிசி, கடுகு என்று அத்தனை அளந்த நான் கோட்டை மட்டும் அளக்காமல் விட்டேன். தம்பியின் கப்பல் 450 மீட்டர் என்று பிறகு சொன்னான், அப்படியானால் 1/1000. அவனுக்கு அது 30 செ.மீ. பள்ளம்.

இந்த அளவில் கோடு என்பது கீறல் இல்லை, நிறம்தான். ஸ்டார் ட்ரெக் தொடருக்கு 1964இல் செய்த எண்டர்பிரைஸ் மாடல் 11 அடி நீளம். மரமும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்தது, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2016இல் செப்பனிட்டு முன்மண்டபத்திலேயே வைத்துவிட்டார்கள். அதன் வட்டத்தட்டின் மேலே ஓடுகிற கட்டக்கோடு எல்லாம் பென்சில் கோடு. பென்சில்! மூன்று மீட்டருக்கு மேல் நீளமான மாடலிலேயே கீறாமல் பென்சிலில் முடித்திருக்கிறார்கள், நாம் அரை மீட்டர் மாடலில் ஊசியால் உழுகிறோம். இன்னொன்று, அந்த மாடலின் இடது பக்கம் முழுமையாகச் செய்யப்படவே இல்லை, விளக்குகளுக்கான வயர் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். கேமரா பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் வேலை. எந்தப் பக்கம் பார்க்கப்படப் போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்ததை நான் மதிக்கிறேன்.

இப்போது நான் செய்வது: அடிப்பெயிண்ட் காய்ந்ததும் 0.3 மெக்கானிக்கல் பென்சிலில் எச் குச்சி போட்டு, ஸ்டீல் ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பு. அதற்கு மேல் மெலிதாக மேட் கிளியர், பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு. ஏற்கெனவே கீறியதை எல்லாம் புட்டி பூசி அடைத்துவிட்டேன், இரண்டு ஞாயிறு போயிற்று.

21 ஜூலை 2024

தகடுகளுக்கு எப்படி நிற வித்தியாசம் கொடுப்பது என்று தம்பி கேட்டிருந்தான். 1979 படத்து எண்டர்பிரைஸில் முத்து மாதிரி மினுங்குகிற பெயிண்டில் கட்டம் கட்டமாக அடித்திருப்பார்கள், அஸ்டெக் என்று பேர் சொல்வார்கள். பார்க்க ஒரே வெள்ளைதான், வெளிச்சம் படும் கோணத்தில் மட்டும் கட்டங்கள் தெரிந்து மறையும். அதைத்தான் நானும் பிடிக்கப் பார்க்கிறேன், சாம்பல் நிறத்தில்.

ஆத்தங்குடிக்குப் போய்ப் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், செய்வதை ஒரு தடவை நின்று பார். கண்ணாடிச் சதுரத்தைக் கீழே வைத்து, அதன்மேல் தகர வார்ப்புச் சட்டத்தை இறக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் வேறு வேறு நிறச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் விடுவார்கள். சட்டத்தைத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடு ஒன்று முட்டி நிற்கும், கலக்காது. அப்புறம்தான் மேலே மணலும் சிமெண்டும். சூளை கிடையாது, தண்ணீரில் போட்டு ஊறவைப்பதுதான். நாம் பார்க்கிற முகம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு தலைகீழாக உருவாகிறது, அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது.

அங்கிருந்து எனக்கு இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, சட்டம். கடையில் வினைல் வெட்டும் மெஷினில் கட்டங்களை மாஸ்க்காக வெட்டி, கப்பலின் மேல் ஒட்டி, அடிநிறத்தில் கறுப்பைப் பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு மட்டும் சேர்த்து அடிக்கிறேன். காய்ந்ததும் உரித்து, மாஸ்க்கை இடம் மாற்றி, வெள்ளை ஒரு சொட்டு சேர்த்து இன்னொரு தடவை. வித்தியாசம் தெரியவே இல்லையே என்று அடிக்கும்போது தோன்ற வேண்டும். தெரிந்தால் அதிகம்.

இரண்டாவது கண்ணாடி. தட்டையாக வேண்டிய எந்தப் பாகத்தையும் கையில் வைத்துத் தேய்க்காதே, ஓரம் உருண்டுவிடும். கண்ணாடிக் கடையில் கழிவுத் துண்டு கேள், 5 மி.மீ. கனம், சும்மாவே கொடுப்பார்கள். அதில் வாட்டர் பேப்பரை ஒட்டி, பாகத்தை அதன் மேல் வைத்து எட்டுப் போட்டுத் தேய். பேப்பர் நம்பர் முதலில் 400, பிறகு 800, 1200.

18 ஆகஸ்ட் 2024

விளக்கு. 12 வோல்ட் அடாப்டர், வெள்ளை எல்இடி மூன்று ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் எடுக்கும், மீதி 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியருக்கு 150 ஓம் ரெசிஸ்டர். இது கடைக் கணக்கு, போர்டுக்கு இப்படித்தான் போடுவோம்.

எரியவிட்டதும் கப்பல் முழுக்கக் காகித விளக்குக்கூடு மாதிரிப் பளபளத்தது. ஸ்டைரீன் வழியே வெளிச்சம் கசியும். உள்பக்கம் முழுக்க முதலில் கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளை அடிக்க வேண்டும். கறுப்பு கசிவை நிறுத்தும், வெள்ளை வெளிச்சத்தை உள்ளேயே சுற்றவிடும். இதை உடலை மூடுவதற்கு முன்னால் செய்யுங்கள். நான் மூடுவதற்கு முன்னால்தான் எரியவிட்டுப் பார்த்தேன், பிழைத்தேன்.

ஜன்னலுக்கு 0.5 மி.மீ. ஃபைபர், வெளிச்சத்தைக் கடத்துகிற மெல்லிய இழை. 1/500இல் அது கால் மீட்டர், கப்பல் ஜன்னலுக்குப் பொருத்தம். பின் வைஸில் (விரலால் திருகுகிற சின்னத் துளைக் கருவி) சர்க்யூட் போர்டு துளைக்கிற 0.5 பிட்டை மாட்டிக் கையால் திருகித் துளைக்கிறேன். பிட் கண்ணாடி மாதிரி ஒடியும், பக்கவாட்டில் அழுத்தம் வரவே கூடாது. ஃபைபரை வெளியே 2 மி.மீ. நீட்டி வைத்துப் பெயிண்ட் முழுக்க முடிந்தபின் பிளேடால் ஒட்ட வெட்டினால், வெட்டு முனை மட்டும் சுத்தமாக வெளிச்சம் விடும். ஓரத்தில் மின்னுகிற விளக்குக்கு மட்டும் ஃபைபர் முனைக்குப் பக்கத்தில் ஊதுபத்தியின் கனலைக் கொண்டுபோனால், தொடக் கூடாது, முனை தானே உருண்டு குமிழாகும்.

25 ஆகஸ்ட் 2024

இரண்டு திருத்தம்.

ஃபைபரைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். ஒரு வாரத்தில் பதினொன்று ஒடிந்துவிட்டது, தொட்டால் முறிகிறது. அந்தப் பசை ஃபைபரை நொறுங்க வைத்துவிடும். ஃபெவிகால் போதும். காய நேரம் எடுக்கும், ஆனால் ஃபைபர் உயிரோடு இருக்கும்.

ரெசிஸ்டர் 150 வேண்டாம். அத்தனை வெளிச்சத்தில் ஒவ்வொரு ஜன்னலும் ஹெட்லைட் மாதிரி அடிக்கிறது. 680 ஓம் போட்டேன், 4 மில்லி ஆம்பியர் சொச்சம்தான் ஓடுகிறது. அறையில் ட்யூப்லைட்டை அணைத்து இரவு விளக்கில் பார்த்தால் ஜன்னல்கள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கின்றன. அதுதான் வேண்டியது.

1 செப்டம்பர் 2024

180 ஜன்னலில் எது எரிய வேண்டும், எது இருட்டு? குலுக்கிப் போட்டு மூன்றில் ஒன்றை இருட்டாக்கினேன். அம்மை போட்ட மாதிரி இருந்தது.

நேற்று இரவு பள்ளத்தூரில் ஒரு உறவுக்காரர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது தெருவைப் பார்த்துக்கொண்டே வண்டியை மெதுவாக விட்டேன். இரண்டு பக்கமும் ஆள் இல்லாத பெரிய வீடுகள், குடும்பங்கள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டன. ஒரு வீட்டில் முகப்புப் பக்கம் முழு இருட்டு, பின்கட்டின் மூலையில் மட்டும் மூன்று ஜன்னல் அடுத்தடுத்து வெளிச்சம். காவலுக்கு இருக்கிற குடும்பம் அங்கே சமைத்துக்கொண்டிருக்கும். எரிகிற ஜன்னல் கூட்டமாக இருக்கும், ஏனென்றால் ஆட்கள் கூட்டமாக இருப்பார்கள். இருட்டும் கூட்டமாகவே இருக்கும். அந்த மூன்று ஜன்னல் வீட்டின் இருட்டுப் பகுதியை எவ்வளவு பெரிதாக்கிற்று என்பதைச் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

பெட்டகத்தில் சாப்பாட்டுக் கூடம் எங்கே, தூங்குமிடம் எங்கே, சரக்கறை எங்கே என்று ஒரு தாளில் வரைந்தேன். இப்போது 180இல் 52 மட்டும் எரிகிறது, நாலு கூட்டமாக. சாப்பாட்டுக் கூடத்துக்கு மஞ்சள் வெள்ளை எல்இடி, இன்ஜின் அறைக்கு நீலம் கலந்த வெள்ளை. சரக்குப் பகுதியில் ஒன்றே ஒன்று, காவல்காரருக்கு.

27 அக்டோபர் 2024

தீபாவளிக்குக் கடையில் போர்டு வேலை நெருக்குகிறது, கப்பலைத் தொட நேரம் கிடைத்தது இன்றைக்குத்தான். மழை வந்துகொண்டிருந்தது. பொறுத்திருக்க வேண்டும், பொறுக்கவில்லை. கிளியர் கோட் அடித்தேன், கார் பெயிண்ட் கடையில் வாங்கிய என்.சி. லாக்கர். பத்து நிமிஷத்தில் கப்பலின் முதுகு முழுக்க விபூதி பூசின மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. பென்சில் கோடு, மாஸ்க் கட்டம், எல்லாம் அந்த வெள்ளைக்கு அடியில்.

லாக்கரில் இருக்கிற தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், ஈரக்காற்று அதில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஐப்பசியில் நம் பக்கம் லாக்கர் அடிக்கக் கூடாது என்று மரத்துக்குப் பாலிஷ் போடுகிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தேய்க்கப் போவதில்லை, தேய்த்தால் பென்சில் போய்விடும்.

17 நவம்பர் 2024

காப்பாற்றிவிட்டேன். நல்ல வெயில் அடித்த மூன்றாவது நாள், மதியம் இரண்டு மணிக்கு, ரிடார்டர் தின்னரை மட்டும் மூடுபனி மாதிரி மேலாக விட்டேன். அது மெதுவாக ஆவியாகும், மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக வழி கிடைக்கும். கண் முன்னால் வெள்ளை கரைந்து, அடியிலிருந்து கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அதிகமாக விட்டால் தின்னர் ஸ்டைரீனையே அரித்துவிடும், அதனால் ஒரு அடி தள்ளி, கை நிற்காமல், இரண்டே வீச்சு.

ஜன்னல் கதவைத் திறந்து வைத்து, விசிறியை வெளிப்பக்கம் திருப்பி, கேட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அக்ரிலிக் ஒட்டக் கடையில் பயன்படுத்துகிற குளோரோஃபார்ம் ஸ்டைரீனையும் ஒட்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒட்டும். ஆனால் அதன் ஆவி கல்லீரலுக்கு ஆகாது, மூடின அறையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

12 ஜனவரி 2025

பொங்கலுக்கு முன்னால் பெட்டகம் முடிந்தது. கடைசியாக எண்ணிப் பார்த்தேன். 24 சரக்குப் பெட்டி, 52 ஃபைபர், அது தவிர ஒட்டின பாகம் 96. பிடுங்கின பாகம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது, எண்ணவில்லை.

தம்பி நேற்றுப் படம் அனுப்பியிருக்கிறான். டேங்க் சக்கரம் ஆறும் போய்விட்டது. மேல்தகடு முழுக்க வெறுமையாகவிட்டு, நடுவில் ஒரே பள்ளம், பொடி வேலை எல்லாம் அதற்குள். கீழே சரக்குக் கதவு, அதன் மூலையில் 2 மி.மீ.க்கு ஒரு திட்டிவாசல். பெரிதாக்கிப் பார்த்தேன், விளிம்புகூட வைத்திருக்கிறான். என் மகளிடம் காட்டினேன். அவள் கேட்டது: அந்தக் கதவுக்கு வெளியே படி எங்கே?

தம்பி, அதை யோசி. அப்புறம் படத்தை ஃபிளாஷ் போடாமல், மேலிருந்து இல்லாமல், கப்பலின் அடிவயிற்று உயரத்துக்குப் போனைத் தாழ்த்தி எடுத்து அனுப்பு. அந்தப் பள்ளத்துக்குள் விழுகிற நிழலைப் பார்க்க வேண்டும்.